லுசேர்னில் ஓர் ஐப்பசி நாள்: உறவினர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

சுவிட்சர்லாந்தில் சூரிச் பக்கம் குடியேறிய நாளிலிருந்து ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு நாளையாவது ஏரிக்கரை நகரமான லுசேர்னுக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். சில ஆண்டுகளில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்; சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் என் அம்மாவும் சேர்ந்துகொள்வார். புரட்டாசி முடியும் முன்னரே உறவினர் வீடுகளிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம், அம்மம்மாவைக் கூட்டிப்போகலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கோடையில் போகாமல் ஏன் இலையுதிர் காலத்தில்?

கோடையில் லுசேர்னின் மரப்பாலத்தில் நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஐப்பசியில் அந்த நெருக்கடி தணிந்துவிடும். வெயில் சாய்ந்து விழுவதால் பிற்பகல் மூன்று மணிக்கே ஏரி பொன் பூசியதுபோல் ஆகிவிடும். கரையோர மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக நிற்கும். உச்சிகளில் முதல் வெண்பனி விழுந்திருந்தால் இரண்டு பருவங்களையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். பள்ளிகளுக்கு இலையுதிர் கால விடுமுறையும் அதை ஒட்டியே வரும்.

அதோடு அக்டோபரில் இரண்டு வாரம் 'மேஸ்' என்ற பழைய சந்தைத் திருவிழா நடக்கும். ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரிக்கரையில் ராட்டினங்கள், பண்டக் கடைகள், சுடச்சுட இனிப்புகள். பிள்ளைகள் அதைக் கண்டுவிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது. ஆகவே மேஸை மாலைக்கு வைத்துக்கொண்டு காலையில் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

அந்தக் காலத்தில் ஊரே மூடுபனியில் மறைந்திருக்குமாமே?

மறைந்திருக்கும். எங்கள் ஊரில் 'புகார்' என்போமே, அதன் பெரியண்ணன் இது.

ஜூரா மலைக்கும் அல்ப்ஸ் மலைக்கும் இடையிலுள்ள தாழ்நிலம் ஒரு தாம்பாளம் போன்றது. இலையுதிர் காலத்தில் காற்றழுத்தம் கூடி, காற்று அசையாமல் நிற்கும் நாட்களில், இரவில் குளிர்ந்து கனத்த காற்று அந்தத் தாம்பாளத்தில் தேங்கிவிடுகிறது. அதன்மேல் இளஞ்சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ள, அடியிலிருக்கும் ஈரம் மூடுபனியாகிறது. லுசேர்ன் ஏரி கடல்மட்டத்திலிருந்து 434 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியின் மேல்விளிம்பு பல நாட்களில் 700 முதல் 1,000 மீட்டருக்குள் நின்றுவிடும். அதற்கு மேலே போனால் நீல வானம், வெயில், காலடியில் வெள்ளைவெளேரென்று விரிந்த பஞ்சு. இந்நாட்டார் அதைப் 'பனிக்கடல்' என்கிறார்கள். மலையுச்சிகள் அதில் தீவுகள்போல் மிதக்கும்.

அக்டோபரில் பெரும்பாலும் நண்பகலோடு மூடுபனி கலைந்துவிடும். காலையில் பழைய நகரத்துச் சந்துகளையும் பாலங்களையும் பார்த்துவிட்டுப் படகைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டால் போதும். நவம்பரில் நாள் முழுக்கக் கலையாமல் கிடக்கவும் கூடும். அப்போது கீழே நின்று மூக்கு உறிஞ்சிக்கொண்டிருக்காமல் மலையேறிவிட வேண்டும்.

ஆனால் மூடுபனி வேறு, மழைமேகம் வேறு. இதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றோம். முதல் வருடம் 'மேலே வெயில் இருக்கும்' என்று நம்பிக் குடும்பத்தோடு பிலாத்துஸ் மலைக்குப் போனோம். அன்று இருந்தது மழைமேகம். உச்சி வரை மூடியிருந்தது. மலை எங்கே என்று மகன் கேட்டான். அதன்மேல்தான் நிற்கிறோம் என்றேன். அன்றிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மலையுச்சிக் கேமராவின் நேரலைப் படத்தைப் பார்க்காமல் செருப்பில் கால் வைப்பதில்லை. மலை ரயில் நிறுவனங்களே அந்தப் படங்களை இலவசமாகக் காட்டுகின்றன.

ரயிலா, காரா?

ரயில். சூரிச் மத்திய நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஐம்பது நிமிடம். போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சுக் நகரத்தைத் தாண்டியதும் சுக் ஏரி தெரியும். லுசேர்ன் நிலையத்தின் வாசலில் இறங்கினால் ஏரியும் படகுத்துறையும் எதிரிலேயே இருக்கின்றன. சாலையைக் கடந்தால் போதும். ஒரு வருடம் காரில் போனோம். நிறுத்துமிடம் தேடி அரைமணி நேரம் சுற்றியதில் என் கணவருக்கு நகரம் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது, அவ்வளவுதான் லாபம்.

டிக்கெட்டை எப்படி எடுத்தால் செலவு குறையும்?

இங்கே வசிப்பவர்களிடம் ஹால்ப்டாக்ஸ் அட்டை இருக்கும். ரயிலுக்கும் ஏரிப் படகுக்கும் பாதி விலை. ஆறு வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் பதினாறு வயது நிறையும் வரை பிள்ளைகளுக்கு ஜூனியர் அட்டை எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுத்தபோது ஆண்டுக்கு 30 பிராங்க். தாயோ தந்தையோ உடனிருந்தால் ஆண்டு முழுவதும் இலவசப் பயணம். அம்மம்மா, மாமா போன்றோர் அழைத்துப்போவதற்கு அதேபோல் வேறோர் அட்டை உண்டு. நாள் உறுதியாகத் தெரிந்தால் சிக்கன நாள் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு மலிவு, ஏரிப் படகும் அதற்குள் அடங்கிவிடும். ஒரேயொரு குறை: வானிலை தெரியும் முன்னரே நாளைக் குறித்துவிட வேண்டும். மூடுபனிக் காலத்தில் இது சூதாட்டம்தான். நான் நாள் டிக்கெட்டை விட்டுவிட்டு அரைவிலை டிக்கெட்டைக் காலையில்தான் எடுப்பேன்.

ஊரிலிருந்து விருந்தாளியாக வந்தவருக்கு மட்டும் கணக்கு மாறும். வெளிநாட்டில் வசிப்போருக்கான சுவிஸ் பயண அட்டையில் ரயில், படகு, ரிகி மலை ரயில் எல்லாம் அடக்கம். பிலாத்துஸுக்குப் பாதி விலை. அவர் நாட்டைச் சுற்றும் சில நாட்களில் லுசேர்னும் ஒன்றாக இருந்தால்தான் அது கட்டுப்படியாகும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் எங்கே?

முதலில் திரும்பிப் பாருங்கள். நிலையத்தின் முன் ஒரு பெரிய கல் வளைவு எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கும். 1971 பிப்ரவரியில் பழைய நிலையம் எரிந்தபோது மிஞ்சிய வாயில் அது. புதிய நிலையம் 1991இல் திறந்தார்கள், வாயிலை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். எங்கள் வீட்டில் யாராவது கூட்டத்தில் பிரிந்துபோனால் சந்திக்கும் இடம் அதுதான்.

பிறகு இடப்பக்கமாக ரொய்ஸ் ஆற்றை நோக்கி இரண்டு நிமிடம் நடந்தால் கப்பெல் பாலம்.

அந்த மரப்பாலம் எரிந்து புதிதாகக் கட்டியது என்கிறார்களே, பிறகென்ன பழமை?

பாதி உண்மை. பதினான்காம் நூற்றாண்டில் நகரக் காவலுக்காகக் கட்டிய கூரைப் பாலம் அது. இருநூறு மீட்டர் நீளம், ஆற்றைக் குறுக்காகக் கடக்காமல் கோணலாகப் போகும். 1993 ஆகஸ்ட் 18ஆம் தேதி அதிகாலைக்கு முன் தீப்பிடித்து நடுப்பகுதி பெரும்பாலும் அழிந்தது. அடுத்த ஏப்ரலிலேயே மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். கரைகளை ஒட்டிய பகுதிகளில் பழைய மரம் இன்னும் இருக்கிறது. கூரையின் உட்புறம் முக்கோணப் பலகைகளில் பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள் இருந்தன. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நடந்துகொண்டே மேலே பாருங்கள். சில சட்டங்களில் ஓவியம், சிலவற்றில் கரி, சில வெறுமை. மொத்தத்தையும் பிரதி எடுத்து மாட்டி நம்மை ஏமாற்றாமல் விட்டதற்காகவே எனக்கு இந்தப் பாலத்தின்மேல் மரியாதை.

பக்கத்தில் நீருக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரம் பாலத்தைவிடப் பழையது. கருவூலமாகவும் சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் இருந்தது. இதைச் சொன்னால் பத்து வயதுப் பையன்கள் உடனே உற்சாகமாகிவிடுவார்கள்.

எல்லோரும் போகாத, ஆனால் பார்க்கவேண்டிய இடம் ஏதாவது?

ஆற்றோடு கீழே இறங்கிப் போங்கள். இன்னொரு மரப்பாலம் வரும், ஷ்ப்ரொயர் பாலம். பெயருக்குப் பொருள் ஏறக்குறைய 'உமிப் பாலம்'. பக்கத்தில் மாவரைக்கும் ஆலைகள் இருந்தன. நீரோட்டத்தில் கடைசிப் பாலம் என்பதால் உமியையும் சருகையும் இங்கிருந்து மட்டுமே ஆற்றில் கொட்ட விட்டார்களாம். இதன் கூரையில் காஸ்பர் மெக்லிங்கர் 1626 முதல் வரைந்த 'மரண நடனம்' ஓவியங்கள். மன்னன், குரு, வணிகன், மணப்பெண் என்று ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு வந்து பிடிக்கிறது. சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்களோ என்று நான்தான் பயந்தேன். அவர்கள் எலும்புக்கூடுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு படத்தின் கீழும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இவர்களுடைய எமனுக்கு எருமை இல்லைப்போல, கால்நடையாகவே வருகிறான்" என்றார்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றின் குறுக்கே மரக்கட்டைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் அணை. கட்டைகளைக் கையால் செருகியும் பிடுங்கியும்தான் ஏரியின் நீர்மட்டத்தைச் சரிசெய்தார்கள், இன்றும் அது வேலை செய்கிறது. கட்டைகளுக்கிடையே பச்சைக் கண்ணாடிபோல் நீர் பிதுங்கி வரும். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அம்மா கேட்டார். ரொய்ஸ் ஆரே ஆற்றில் சேர்கிறது, ஆரே ரைனில், ரைன் வட கடலில். லுசேர்னில் இந்துக்கள் அஸ்தி கரைப்பதற்கு இதே ஆற்றில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நல்ல ஓட்டமுள்ள தண்ணீர்" என்றார்.

படகில் எவ்வளவு தூரம் போகலாம்?

இந்த ஏரியின் பெயரைப் பிழையில்லாமல் சொல்லவே பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு வரை போகவேண்டும்: ஃபியர்வால்ட்ஷ்டெட்டர்சே. நான்கு வன மாநிலங்களின் ஏரி என்று பொருள். நூற்றுப் பதினான்கு சதுர கிலோமீட்டர் பரப்பு, 214 மீட்டர் ஆழம், கைகால் விரித்துக் கிடப்பதுபோன்ற வடிவம். ஆகவே ஒரு முனையிலிருந்து மறு முனை ஃப்ளூவெலன் வரை போனால் மூன்று மணி நேரத்துக்குப் பக்கமாகிவிடும்; ஒரு நாள் பயணத்தில் அந்த ஆசை வேண்டாம். கரையோர ஊர்களான வெக்கிஸ் வரை முக்கால் மணி நேரம், விட்ஸ்னாவ் வரை ஒரு மணி நேரம். இவற்றில் ஒன்று போதும்.

முடிந்தால் நீராவிக் கப்பல் வரும் நேரத்தைப் பார்த்து ஏறுங்கள். பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரங்கள் சுழலும் கப்பல்கள் ஐந்து இந்த ஏரியில் இருக்கின்றன: ஊரி (1901), உண்டர்வால்டன் (1902), ஷில்லர் (1906), கல்லியா (1913), ஸ்டாட் லுசேர்ன் (1928). எல்லாம் எல்லா நாளும் ஓடுவதில்லை, இலையுதிர் காலத்தில் இன்னும் குறைவு. கப்பலின் நடுவில் இயந்திரம் திறந்தபடியே இருக்கும். எண்ணெய் மின்னும் எஃகுத் தண்டுகள் மேலும் கீழும் போய்வருவதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். எங்கள் மகன் ஏரியையே பார்க்கவில்லை. அந்தக் கம்பியை விட்டு நகர்த்த முடியவில்லை.

எச்சரிக்கை ஒன்று. இலையுதிர்கால அட்டவணையில் மாலைப் படகுகள் குறைவு. ஒரு தடவை வெக்கிஸில் வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் ஏறவேண்டிய படகு நகர்ந்துவிட்டது. பஸ்ஸில் குஸ்நாக்ட் வரை போய், அங்கிருந்து ரயிலில் லுசேர்ன் திரும்பினோம். உலகம் அழிந்துவிடவில்லை. ஆனால் மேஸ் ராட்டினம் அன்றைக்கு இல்லாமல் போனது. மகள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

மலைக்கும் போகவேண்டுமா? ரிகியா, பிலாத்துஸா?

ஒரே நாளில் நகரம், படகு, மலை, அருங்காட்சியகம் நான்கையும் முடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து தனியாகப் போங்கள், குடும்பத்தைக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு பெரிய காரியம்தான்.

மலைதான் அந்தக் காரியம் என்றால் என் வாக்கு ரிகிக்கு. விட்ஸ்னாவ் வரை படகு. அங்கிருந்து பல்சக்கர ரயில், 1871இல் ஓடத் தொடங்கிய ஐரோப்பாவின் முதல் மலை ரயில். உச்சி 1,798 மீட்டர், மூடுபனிக்கு மேலே தலைநீட்டப் போதுமான உயரம். இறங்கும்போது வழியிலுள்ள கால்ட்பாட் வரை ரயில், அங்கிருந்து கம்பிவடப் பெட்டியில் வெக்கிஸ், மறுபடி படகு. வெக்கிஸில் கம்பிவட நிலையத்திலிருந்து படகுத்துறை வரை சற்று நடக்க வேண்டும்; மற்றபடி ரயிலிலும் படகிலும் உட்கார்ந்தே போகலாம் என்பதால் வயதானவர்களுக்கு ஒத்துவரும்.

பிலாத்துஸ் இன்னும் உயரம், 2,100 மீட்டருக்கு மேல். அல்ப்னாஹ்ஷ்டாட்டிலிருந்து ஏறும் 1889ஆம் ஆண்டு ரயில் பாதையின் சரிவு சில இடங்களில் 48 சதவீதம். உலகில் இதைவிடச் செங்குத்தான பல்சக்கர ரயில் இல்லை. வெண்பனி தொடங்கினால் நவம்பரில் அதை நிறுத்திவிடுவார்கள். கிரியென்ஸ் பக்கத்துக் கம்பிவடம்தான் வழி. வேதாகமத்தில் இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பிலாத்துவின் பெயர்தான் இந்த மலைக்கும் வந்தது என்பது பழைய கதை. அவனுடைய ஆவி மலைக் குளமொன்றில் கிடக்கிறது, சீண்டினால் புயல் வரும் என்று நம்பி, மலையேறவே நகரம் தடை போட்டிருந்தது. 1387இல் தடையை மீறப் பார்த்த ஆறு குருமாரைச் சிறையில் போட்டார்கள். நாங்கள் போன அன்று எந்தத் தண்டனையும் இல்லை; டிக்கெட் விலையே தண்டனையாகிவிட்டது.

மழை பெய்தால்?

போக்குவரத்து அருங்காட்சியகம். 1959இல் திறந்தது, ரயில் எஞ்சின்கள், விமானங்கள், கப்பல்கள், பிள்ளைகள் ஏறி இறங்கி உருட்டிப் பார்க்க ஏராளம். நிலையத்திலிருந்து பஸ், உள்ளூர் ரயில், படகு மூன்றிலும் போகலாம். மலிவில்லை. இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தவர் யாரும் இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்ததில்லை. ஆகவே மழை நாளின் பெரிய காரியம் இதுதான்.

சாகும் சிங்கத்தைப் பார்க்கத்தான் வேண்டுமா?

வேண்டும், பத்து நிமிடம். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் அரண்மனையில் பிரெஞ்சு மன்னருக்காக மடிந்த சுவிஸ் காவலர்களின் நினைவாக, பழைய கல்லுடைக்கும் பாறையிலேயே குடைந்த சிங்கம். டென்மார்க் சிற்பி தொர்வால்ட்சன் வடிவமைத்தார், 1821இல் முடிந்தது. பத்து மீட்டர் நீளம், கட்டணம் இல்லை. காலை ஒன்பதரைக்குள் போனால் சுற்றுலா பஸ்கள் வந்திருக்காது. மரங்கள் சூழ்ந்த அந்தக் குளத்தில் மஞ்சள் இலைகள் மிதக்கும் காலத்தில்தான் அந்தச் சிங்கத்தின் முகம் எனக்குப் பிடிபட்டது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் ரொட்டியும் சம்பலும், பிள்ளைகளுக்கு ரோல்ஸும், ஒரு பெரிய குடுவையில் இஞ்சித் தேநீரும் கொண்டுபோவோம். நிலையத்துக்குப் பின்புறம் ஏரியோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஊஃப்ஷொட்டி என்ற புல்வெளி வரும். மணற்கரை, விளையாட்டிடம், மலையைப் பார்த்த பெஞ்சுகள். தண்ணீர்ப் போத்தல் வாங்கவேண்டாம். தெருவோர நீரூற்றுகளில், குடிக்கக்கூடாது என்று எழுதியிராத எல்லாவற்றிலும், நல்ல தண்ணீர்.

உணவகத்தில்தான் என்றால், மாக்கரோனியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து ஆப்பிள் கூழோடு தரும் 'எல்ப்ளர்மக்ரோனன்' பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சைவமாகத் தோன்றும், ஆனால் பல சமையலறைகளில் பன்றித் துண்டுகளைத் தூவிவிடுவார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இலையுதிர் காலத்தில் உணவுப் பட்டியல் முழுவதும் மான் இறைச்சி. தெருமுனையில் சுட்டு விற்கும் கஷ்கொட்டையை மட்டும் தவறவிடாதீர்கள். அம்மா ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, அவித்த பலாக்கொட்டைதானே இது, இதற்கா இத்தனை பிராங்க் என்றார். பொதியைத் திருப்பித் தரவில்லை.

வயதானவர்களால் நடக்க முடியுமா?

ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் சமதரை, பெஞ்சுகளும் தாராளம். பழைய நகரத்தில் கல் பாவிய தெருக்கள். நல்ல சப்பாத்து வேண்டும். ஒன்பது கோபுரங்கள் கொண்ட முசெக் மதிலுக்கு மட்டும் அவர்களை இழுக்காதீர்கள், உள்ளே படிகள் செங்குத்து. குளிர்காலத்தில் அதை மூடியும்விடுவார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் கீழே இருங்கள். அங்குள்ள ஒரு மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு நகரத்தின் மற்றக் கடிகாரங்களைவிட ஒரு நிமிடம் முந்தி அடிக்கும் பழைய உரிமை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு ஓடிவரட்டும்.

சனியா, ஞாயிறா? எத்தனை மணிக்குத் திரும்பலாம்?

சனி. காலையில் ரொய்ஸ் கரையில் உழவர் சந்தை இருக்கும். பூசணி, திராட்சை, பேரிக்காய், காளான் என்று பருவமே தட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். ஞாயிறன்று நிலையத்துக் கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் பூட்டு.

அக்டோபர் நடுவில் சூரியன் மாலை ஆறரைக்குச் சற்றுப் பின் மறையும். மாதத்தின் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் ஐந்தேகாலுக்கே மறைந்துவிடும். மேற்சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்காகத்தான். பகலில் பதினைந்து பாகை வரை போகும். சூரிச்சுக்கு ரயில் இரவு வெகுநேரம் வரை இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

சாக்லேட் எங்கும் கிடைக்கும். லுசேர்ன் லேப்குஹன் வாங்குங்கள். பேரிக்காய்ச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிச் சேர்த்த கறுத்த கேக் அது. வாங்கிய அன்றே வெட்டாமல் மூடிவைத்து, மறுநாள் காலையில் வெண்ணெய் தடவித் தேநீரோடு சாப்பிட வேண்டும். அம்மா ஊருக்குப் போகும்போது பெட்டியில் இரண்டு வைத்து அனுப்பினேன். சித்தி வீட்டில் அதைக் கித்துள் பாணி என்ற மரப்பாகைப் போட்டுச் செய்தது என்று நினைத்துச் செய்முறை கேட்டார்களாம்.